போஸ்வொர்த் போர்க்களம் உண்மையில் எங்கே?

கேள்வி:
1485 ஆகஸ்ட் 22 அன்று நடந்த போஸ்வொர்த் போரில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு வீழ்ந்தார். ஹென்றி டியூடர் அரியணை ஏறினார். அது ஆம்பியன் குன்றில் நடந்ததாகவே நெடுங்காலம் நம்பி, அங்கே பார்வையாளர் மையமும் அமைத்தார்கள். ஆனால், களம் அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தென்மேற்கே உள்ளதென்று 2010இல் விளக்கப்பட்டது. வயலில் கிடைத்த ஈயக் குண்டுகளை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா?

மறுமொழி 1:
குண்டுகள் மட்டுமே சான்றல்ல. குன்று என்ற கருத்தைப் பரப்பியது வில்லியம் ஹட்டன் 1788இல் வெளியிட்ட நூல். அது போருக்கு 300 ஆண்டுகள் பிந்தையது. மாறாக, 1511ஆம் ஆண்டு ஆவணமொன்று, குன்றுக்குத் தெற்கேயுள்ள டாட்லிங்டன் ஊரின் சிற்றாலயம் போர்க்களத்தின் ஒரு பகுதியிலேயே நிற்பதாகச் சொல்கிறது. என் பார்வையில் இதற்கே அதிக எடை தர வேண்டும். மேலும், போருக்கு ஒரு தலைமுறைக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் பாலிடோர் வெர்ஜில், இரு படைகளுக்கும் இடையே சதுப்பு நிலம் இருந்ததாகவும், ஹென்றியின் படை அதை வலப்பக்க அரணாகக் கொண்டு முன்னேறியதாகவும் குறிப்பிடுகிறார். அந்தச் சதுப்பு இன்று நீர் வடிந்து உழவு நிலமாகிவிட்டதால், மண்ணடுக்குகளைத் துளைத்தெடுத்து, கார்பன் காலக்கணிப்பின் துணையோடுதான் அதைத் தேட வேண்டியிருந்தது.

மறுமொழி 2:
தொல்லியலாளர் கிளென் ஃபோர்டு தலைமையிலான குழு உலோகங்காட்டிக் கருவிகளுடன் வயல்களை வரிசை வரிசையாக அலசியது. ஃபென் லேன் என்னும் பழைய ரோமானியச் சாலையின் இருபுறமும் 30க்கு மேற்பட்ட ஈயக் குண்டுகள் கிடைத்தன. அவற்றுள் பெரியவை ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ளவை, அதாவது பீரங்கிக் குண்டுகள். ஒரே நிலப்பரப்பில் இத்தனை பீரங்கிக் குண்டுகள் தற்செயலாகச் சேர வழியில்லை. இவற்றோடு, பழைய சதுப்பின் ஓரத்தில், பொன்முலாம் பூசிய வெள்ளிப் பன்றிச் சின்னமும் கிடைத்தது. காட்டுப்பன்றி ரிச்சர்டின் சொந்த இலச்சினை. வெள்ளியில் செய்ததை அணிந்தவர் அவரைச் சார்ந்த உயர்நிலை வீரராகவே இருந்திருப்பார்.

மறுமொழி 3:
இடம் தெளிவாகிவிட்டது என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும், குண்டு கிடந்த இடம் படை நின்ற இடமாகாது. குறி தப்பிய குண்டு வீரர்களைக் கடந்து போய்த் தரையில் மோதித் துள்ளி உருண்டிருக்கும். அதன் பின் பல நூற்றாண்டு உழவும் அதை நகர்த்தியிருக்கும். ஆகவே, களத்தின் பரப்பை இவற்றால் வரையலாமே தவிர, அணிவகுப்புகளின் வரிசையை அந்தப் புள்ளிகளின் மேல் அப்படியே வரைவது தவறு. ரிச்சர்டு இறந்த இடத்தைப் பொறுத்தவரை, பன்றிச் சின்னம் கிடந்த சதுப்போரமே இப்போதைக்குப் பொருத்தமான ஊகம்.