உயிரியலில் வாரம் ஒரு பக்கம் ‘சொந்தமாக’ எழுதச் சொல்கிறார்கள், எப்படி எழுதுவது?

வண்ணை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வண்ணாரப்பேட்டை, பி.எஸ்சி. விலங்கியல் முதல் வருஷம். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், உயிரியலில் நல்ல மார்க்தான் எடுத்திருந்தேன், அதனால் காலேஜில் இது ஒரு பிரச்சினையாக வரும் என்று நினைக்கவே இல்லை. எங்கள் மேடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு கேள்வி கொடுத்து ஒரு பக்கம் எழுதி வரச் சொல்கிறார். சுமார் 200 வார்த்தை இருந்தால் போதும், தமிழிலேயே எழுதலாம், எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். இதுவரைக்கும் மூன்று எழுதினேன், மூன்றுமே சிவப்பு மையோடு திரும்பி வந்துவிட்டது.

முதல் கேள்வி, சவ்வூடு பரவலை ஓர் உதாரணத்தோடு விளக்கு. “செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்குத் தேர்வு கடத்து சவ்வின் வழியாக நீர் மூலக்கூறுகள் செல்லும் நிகழ்வு” என்று எழுதி, உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பும் என்று முடித்தேன். மேடம் பக்கத்தில் எழுதியிருந்தது, “எல்லாம் சரி. இதை நீ எங்கே பார்த்தாய்?”

இரண்டாவது, நீ வாழும் இடத்தில் ஓர் உயிரினம் தன் சூழலுக்கு எப்படித் தகவமைந்திருக்கிறது. நான் ஒட்டகத்தை எழுதினேன், ஏனென்றால் தகவமைப்பு என்றாலே எனக்கு அதுதான் மனப்பாடம். திமிலில் தண்ணீர் சேமிக்கும் என்று வேறு எழுதிவிட்டேன், அது கொழுப்பு என்று திருத்திக் கொடுத்தார்.

மூன்றாவதுதான் எனக்குப் புரியவே இல்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போய் உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களைக் காட்டினார்கள், வந்து நான் எழுதிய வரி இது: “உப்பை வெளியேற்றுவதற்காகக் கண்டல் மரம் தன் இலைகளில் உப்புச் சுரப்பிகளை உருவாக்கிக்கொண்டது.” இதில் “உருவாக்கிக்கொண்டது” என்ற வார்த்தையைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் “யார்?” என்று ஒரே ஒரு கேள்வி. இதில் என்ன தப்பு? வகுப்பில் எழுந்து கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.

வரும் வெள்ளிக்குள் முதல் கேள்வியைத் திரும்ப எழுத வேண்டும். அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை ஆய்வகம்:

தங்கச்சி, உங்கள் மேடம் நல்ல மேடம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எஸ்சி. முடிக்கிற வரைக்கும் என்னிடம் யாரும் “எங்கே பார்த்தாய்” என்று கேட்டதில்லை. வேலைக்கு வந்த பிறகுதான், மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை நாலு வரி எழுதச் சொன்னால் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்து பார்த்து எனக்கு வேலை செய்த ஒரு வழி சொல்கிறேன். பேனாவை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் அம்மாவுக்கோ தம்பிக்கோ அதை வாயால் சொல்லிப் பாருங்கள். “செறிவு” என்று ஆரம்பித்தால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல ஒரு பொருளைக் கையில் எடுப்பீர்கள் இல்லையா, அந்தப் பொருள்தான் உங்கள் கட்டுரையின் முதல் வரி.

இரண்டாவது கேள்விக்கு ஒட்டகம் வரைக்கும் போகவே வேண்டாம். ஓட்டேரி நல்லாவிலும் பக்கிங்காம் கால்வாயிலும் ஆகாயத்தாமரை கிடக்கிறதே. ஒரு செடியை எடுத்து, இலைக்குக் கீழே பல்பு மாதிரி உப்பியிருக்கிற காம்பைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே ஸ்பாஞ்சு மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கும். அதை ஒரு பக்கெட் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்தால் குமிழ் குமிழாகக் காற்று வரும். அந்தச் செடி ஏன் மூழ்குவதில்லை என்பதை அதற்கு மேல் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா என்பதையும் சேர்த்து எழுதினால் விஷயம் இன்னும் விரியும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், அந்தத் தண்ணீர் சரியில்லை.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:

அம்மா, அந்த “யார்?” என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 30 வருஷத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவள், இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை கையெழுத்தில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. தப்பு உன் மேல் மட்டும் இல்லை, பாடப் புத்தகங்களிலேயே “வாழ்வதற்காக மாற்றிக்கொண்டன” என்றுதான் வருகிறது, தமிழிலும் “கொண்டது” என்ற துணைவினை அவ்வளவு எளிதாக வந்து ஒட்டிக்கொள்கிறது. சட்டை போட்டுக்கொண்டான் என்றால் அவனே விரும்பிச் செய்தான் என்று பொருள். மரம் அப்படி எதையும் விரும்பிச் செய்யவில்லை. உப்பு அதிகமாக இருக்கிறது, சரி ஒரு சுரப்பி வைத்துக்கொள்வோம் என்று எந்த மரமும் முடிவு எடுக்காது.

நடந்ததை இப்படி யோசித்துப் பார். ஒரே மரத்தின் கன்றுகளுக்குள்ளேயே சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. உப்புச் சேற்றில் அவை முளைக்கும்போது, உப்பைக் கொஞ்சம் கூடுதலாக வெளியே தள்ள முடிந்த கன்று பிழைத்து, வளர்ந்து, காய்த்தது. முடியாதது கருகியது, அல்லது நோஞ்சானாக நின்று குறைவாகக் காய்த்தது. பிழைத்ததன் பண்பு அதன் விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போனது. இப்படி ஆயிரக்கணக்கான தலைமுறை. டார்வின் 1859இல் வெளியிட்ட புத்தகத்தில் இயற்கைத் தேர்வு என்று சொன்னது இதைத்தான். இப்போது உன் வரியை மாற்று: “உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் ஓரளவு இருந்த மரங்கள் உப்புச் சேற்றில் அதிகமாகப் பிழைத்து, அதிகமாக விதை விட்டதால், தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரப்பிகள் இந்த இனத்தில் நிலைத்துவிட்டன.” நீளமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை. “யார்?” என்று கேட்க இதில் இடமில்லை, பார்.

எண்ணூரில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வெண்கண்டலாக இருக்கும், அவிசென்னியா மரைனா. அடுத்த முறை போனால், மழை இல்லாத காலையில், இலையைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார், உப்பு பொடிப்பொடியாக மின்னும், விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும் (எண்ணெய், சாம்பல் படியாத சுத்தமான இலையாக இருந்தால் மட்டும் இதைச் செய்). ஆனால் ஒன்று, உப்பின் பெரும்பகுதியை வேரே உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது, தப்பி ஏறிவருவதைத்தான் இலை வெளியே தள்ளுகிறது. இலையை மட்டும் எழுதிவிட்டு வேரை விட்டால் பாதிக் கதைதான். அங்கேயே பக்கத்தில் உமிரி சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும். அது உப்பை வெளியே தள்ளுவதில்லை, தன் தடித்த இலைக்குள்ளேயே தண்ணீரோடு சேர்த்து வைத்துவிடுகிறது. ஒரே சேறு, ஒரே உப்பு, இரண்டு செடி, இரண்டு வழி. இதை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம், எனக்கு மிகவும் பிடித்த பக்கமாக இருக்கும்.

அப்புறம், அறிவியல் பெயரைக் கையால் எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போடு, ஒரே கோடாக இழுக்காதே.

எண்ணூர் வலை:

நான் படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல், பயாலஜி எனக்குத் தெரியாது. ஆனால் முகத்துவாரம் என்று பார்த்ததும் எழுதாமல் போக முடியவில்லை. தங்கச்சி, அங்கே வந்தீர்களே, மரத்தை மட்டும்தான் காட்டினார்களா, தண்ணீருக்குள்ளே காட்டவில்லையா?

எங்கள் ஆற்றில் காக்கா ஆழி என்று ஒரு சிப்பி வந்து நிரம்பிக் கிடக்கிறது. ஆழி எங்களுக்குப் புதுசில்லை, பச்சை ஆழி பாறையில் ஒட்டியிருக்கும், எடுத்துச் சாப்பிடுவோம், விற்போம். இது கருப்பாக, சின்னதாக, ஒன்றோடு ஒன்று நூல் விட்டுப் பிணைந்து, தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி மூடிவிடும். கையில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தால் நார் நாராக வரும், கூடவே சேறும் வரும். இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், மேலே இது மூடிவிட்டால் அது எங்கே போய்ப் புதையும்? மஞ்சள் மட்டி இருந்த இடத்தில் மட்டி இல்லை. கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர்கள் காலும் கையும் ஓடு கிழித்துப் புண்ணாகிறது. என் சித்தப்பா இப்போது அந்தப் பக்கம் வலை போடுவதே இல்லை.

ஆய்வு செய்ய வந்தவர்கள் இதற்கு மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா என்று பெயர் சொன்னார்கள். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துச் சிப்பியாம், கேரளாக் காயலிலும் இருக்கிறது. கப்பல் பாரத்துக்கு ஏற்றிவருகிற தண்ணீரில் குஞ்சாக வந்திருக்கும் என்று சொல்கிறார்கள். எழுத வேண்டும் என்றால் இதை எழுதுங்கள், எங்கள் ஆற்றைப் பற்றி நாலு பேர் எழுத வேண்டும்.

தண்டையார்பேட்டை ஆய்வகம்:

அண்ணே, நீங்கள் எழுதியதுதான் இந்தப் பக்கத்திலேயே நல்ல உயிரியல். தங்கச்சி, அண்ணன் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். பாய் மாதிரி மூடியிருக்கிறது, இழுத்தால் நார் வருகிறது, இது அவர் கண்ணால் பார்த்தது. இறால் புதைய இடமில்லை, இது பார்த்ததிலிருந்து அவர் சொல்லும் காரணம். கப்பல் தண்ணீரில் வந்தது, இது மற்றவர்கள் சொல்லக் கேட்டது, அதனால் “சொல்கிறார்கள்” என்று போட்டிருக்கிறார். மூன்றையும் கலக்காமல் எழுதியிருக்கிறார். நம் கட்டுரைகளில் மூன்றும் ஒரே குரலில் வருவதால்தான் வாத்தியார்களுக்கு நாம் பார்த்தோமா, படித்தோமா என்று தெரிவதில்லை.

வண்ணை மாணவி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எண்ணூர் அண்ணா, எங்களுக்குத் தண்ணீருக்குள் காட்டவில்லை. அதைப் பற்றி நான்காவது கேள்வியில் எழுத மேடத்திடம் கேட்கிறேன்.

எங்கள் ஆயா காசிமேட்டில் கருவாடு போடுகிறார். நேற்று காலையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதினேன், புத்தகம் மூடித்தான் இருந்தது. இதோ:

“ஆயா கானாங்கத்தையை முதுகுப் பக்கமாகக் கீறி, குடலை எடுத்துக் கழுவி, தண்ணீர் வடிய வைத்தார். பிறகு கல் உப்பை உள்ளேயும் வெளியேயும் தேய்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பில் அடுக்கினார், ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. டப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. பக்கத்தில் முந்தின நாள் போட்ட டப் இருந்தது. அதில் மேல் மீன் வரைக்கும் கலங்கிய தண்ணீர் நின்றது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மீன் விட்ட தண்ணிதான் என்றார். அந்த டப்பில் இருந்த மீனை எடுத்துப் பார்த்தேன், விறைப்பாகவும் மெலிந்தும் இருந்தது. மீனின் செல்களுக்கு வெளியே உப்பு மிக அதிகம், உள்ளே குறைவு. செல் சவ்வு தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. அதனால் உள்ளிருந்த தண்ணீர் வெளியே வந்து உப்பைக் கரைத்து டப்பில் நின்றது.”

மீதியை இன்னும் எழுதவில்லை. இது சரியாக வருகிறதா?

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:

“ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை” என்ற வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் அம்மா. கட்டுரை அங்கே இருக்கிறது, அதில் கை வைக்காதே.

ஒரே ஒரு இடம். அது செத்த மீன். உயிரோடு இருக்கும் செல்லின் சவ்வுதான் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ஒழுங்காக வேலை செய்யும். செத்த பிறகு நேரம் ஆக ஆக அது சிதையும், அப்போது உப்பும் உள்ளே போகும். கருவாட்டின் நடுச்சதை வரைக்கும் உப்புக் கரிக்கிறதே, உப்பு உள்ளே போகாமல் அது எப்படி? ஆகவே டப்பில் நடப்பது இரண்டு: தண்ணீர் வெளியே வருகிறது, உப்பு உள்ளே பரவுகிறது. “உப்பை எளிதில் விடாது” என்பதோடு நிறுத்தாமல் இதையும் எழுது. கருவாடு ஏன் கெடுவதில்லை என்பதும் இங்கேயே வந்துவிடும், அழுகவைக்கும் பாக்டீரியா அந்த உப்பில் தன் தண்ணீரையே இழந்து பெருக முடியாமல் போகிறது. அங்கே சவ்வூடு பரவல் என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் பாக்டீரியா உயிருள்ள செல். மழைக்காலத்தில் சில கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படியுமே, அது உப்பையே விரும்பி வாழும் நுண்ணுயிர், ஆயாவிடம் கேட்டுப் பார், நிச்சயம் பார்த்திருப்பார்.

உயிருள்ள செல்லிலும் காட்ட வேண்டும் என்றால் உருளைக்கிழங்கு போதும். ஒரே கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, எடை போட்டு, ஒரு டம்ளரில் சாதாரணத் தண்ணீர், ஒன்றில் கொஞ்சம் உப்பு, ஒன்றில் நிறைய உப்பு. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துத் துணியால் ஒற்றிவிட்டுத் திரும்ப எடை போடு. வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, அதனால் டம்ளருக்குப் பத்துத் துண்டு சேர்த்துப் போடு. வித்தியாசத்தைச் சதவீதமாக எழுது, 50 கிராம் 46 ஆனால் 8 சதவீதம் குறைவு என்று. உப்பு நீரில் கிடந்தது துவண்டு வளையும், வெறும் தண்ணீரில் கிடந்தது படக்கென்று ஒடியும், அதையும் எழுது.

வண்ணை மாணவி:

நடுச்சதை உப்பு பற்றி நான் யோசிக்கவே இல்லை டீச்சர், தினமும் சாப்பிடுகிறேன். அந்தப் பாராவை மாற்றிவிட்டேன். இப்போது வரி இப்படி: “மீன் செத்துவிட்டதால் செல் சவ்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, உப்பும் உள்ளே போகிறது. ஆயா காயப்போட்ட கருவாட்டைப் பிய்த்து முள்ளை ஒட்டிய சதையைச் சாப்பிட்டுப் பார்த்தேன், அங்கேயும் உப்பு இருந்தது.”

இளஞ்சிவப்பு பற்றிக் கேட்டேன். “செம்பட்டை பூத்திருச்சுன்னா அதை விக்கக் கூடாது” என்றார். போன மழையில் ஒரு கூடை முழுவதையும் கொட்டினாராம். அதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை, 200 வார்த்தை தாண்டிவிட்டது. உருளைக்கிழங்கு மூன்று டம்ளரில் ஊறுகிறது, ஏழு மணிக்கு எடுக்க வேண்டும்.