ஒரே மாடல், ஒரே பார்ட் நம்பர், இரண்டு லேப்டாப்: ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் மஞ்சள். பேனல் வேறா?

ஆல்பம்மேசை (கேள்வி)

ஒரே பில்லில் வாங்கிய இரண்டு லேப்டாப். 15.6 அங்குலம், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ், 60 ஹெர்ட்ஸ். பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஒரே வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் ஒன்று பால் வெள்ளை. மற்றது பழைய நோட்டுத்தாள் நிறம். வேலை கல்யாண ஆல்பத்துக்குப் படம் திருத்துவது. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு ஒன்றில் ஓரளவு அரக்காகவே இருக்கிறது, மற்றதில் செங்கல் நிறத்துக்குப் போய்விடுகிறது.

பேனல் வேறு வேறா என்று லேப்டாப்பைப் பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா? மஞ்சளாக இருப்பதைக் கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா? ஸ்பெக் ஷீட்டில் திரையைப் பற்றி இருப்பது இவ்வளவுதான்: 250 நிட்ஸ் (வெளிச்ச அளவு), ஆன்டி-க்ளேர், 45% என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் அளவு).

முக்கோணம்

பேனலைத் தேடுவதற்கு முன் சாஃப்ட்வேரை ஒதுக்கிவிடுங்கள். இந்த மாதிரிப் புகார்களில் கணிசமானவை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டையும் சார்ஜரில் போடுங்கள். பேட்டரியில் ஓடும்போது இன்டெல் கிராஃபிக்ஸில் டிஸ்ப்ளே பவர் சேவிங், ஏஎம்டி-யில் வேரி-பிரைட் என்று ஒன்று வேலை செய்யும். அது பின்விளக்கைக் குறைத்து, அதை ஈடுகட்டப் படத்தின் கான்ட்ராஸ்டை ஏற்றும். இரண்டு மெஷினில் ஒன்றில் மட்டும் அது ஆன் ஆகியிருந்தால் பேனலே வேறு மாதிரி தெரியும். நைட் லைட், உள்ளடக்கத்தைப் பார்த்து வெளிச்சம் மாற்றும் விண்டோஸ் செட்டிங், லேப்டாப் கம்பெனியே போட்டுத் தரும் கலர் ஆப் (கண் பாதுகாப்பு மோட், விவிட் மோட் வகையறா), கலர் மேனேஜ்மென்ட்டில் ஏறியிருக்கும் ஐசிசி ப்ரொஃபைல் (திரையின் நிறத்தைத் திருத்தும் கோப்பு) எல்லாவற்றையும் இரண்டிலும் அணையுங்கள்.

இவ்வளவையும் தேடித்தேடி அணைக்கப் பொறுமை இல்லையென்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரே லினக்ஸ் பென் டிரைவிலிருந்து இரண்டையும் லைவாக பூட் செய்து, அரைமணி நேரம் எரியவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். எல்இடி விளக்கு சூடாகி நிலைப்பதற்குள் பார்த்தால் நிறம் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கேயும் ஒன்று மஞ்சளாக இருந்தால் காரணம் பேனலில்தான்.

பேனல் பெயரைத் திரையைக் கழற்றாமலே படிக்கலாம். ஒவ்வொரு பேனலும் இடிஐடி என்ற 128 பைட் அடையாளச் சீட்டைத் தனக்குள் வைத்திருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், மானிட்டர்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று போய் ஹார்ட்வேர் ஐடீஸைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் என்ற சொல்லுக்குப் பிறகு மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் (அவற்றில் ஏ முதல் எஃப் வரை எழுத்தும் இருக்கலாம்) வரும். மூன்றெழுத்து நிறுவனம்: ஏயூஓ, பிஓஈ, ஐவிஓ மூன்றும் அப்படியே இருக்கும், எல்ஜிடி என்றால் எல்ஜி டிஸ்ப்ளே, சிஎம்என் என்றால் இன்னோலக்ஸ், எஸ்டிசி என்றால் சாம்சங் டிஸ்ப்ளே, எஸ்ஹெச்பி என்றால் ஷார்ப். சில திங்க்பேடுகளில் அந்த இடத்தில் லெனோவோவின் சொந்தக் குறி நிற்கும். அப்போது மூன்றெழுத்தை நம்பாமல் முழு இடிஐடி-யையும் படிக்க வேண்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற ஆப்பின் மானிட்டர் பகுதியில் பேனலின் முழுப் பார்ட் நம்பரோடு தயாரித்த வாரம், ஆண்டும் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டு மெஷினிலும் எடுத்து இங்கே போடுங்கள்.

ஸ்க்ரூபெட்டி

பார்ட் நம்பர் கையில் வந்தால் அதைப் படிக்கிற விதம் இது. ஏயூஓ-வில் பி156ஹெச்ஏஎன் என்று தொடங்கினால் ஐபிஎஸ் வகை, பி156ஹெச்டிஎன் என்றால் டிஎன் (பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் வகை). பிஓஈ-யில் என்வி156 ஐபிஎஸ் வகை, என்டி156 டிஎன். இன்னோலக்ஸில் என்156ஹெச்சி ஐபிஎஸ், என்156ஹெச்ஜி டிஎன்.

முன்பாதி ஒத்துப்போகிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள், வால் பகுதிதான் ஆளை மாற்றும். என்156ஹெச்சிஏ-ஈஏபி 45% என்டிஎஸ்சி, என்156ஹெச்சிஈ-ஈஎன்1 72%. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெயர் மாதிரிதான் இருக்கும்.

ஒரே மாடலில் ஏன் இரண்டு என்றால், லேப்டாப் கம்பெனி பேனலைப் பெயர் சொல்லி வாங்குவதில்லை. இன்ன அளவு, இன்ன ரெசல்யூஷன், குறைந்தது இத்தனை நிட்ஸ், இத்தனை சதவீத நிறம், இந்த இடத்தில் கனெக்டர் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் தேறும் இரண்டு மூன்று பேரிடமிருந்து எடுப்பார்கள். ஒருவர் சரக்கு தாமதித்தால் அடுத்தவர் சரக்கு லைனில் ஏறும். பெட்டியில் இருக்கும் பார்ட் நம்பர் அந்தப் பட்டியலுக்குத்தான், பேனலுக்கு இல்லை.

விலை உயர்ந்த மெஷினில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2012-இல் வந்த முதல் 15 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோ எல்ஜி, சாம்சங் என இரண்டு பேனலோடும் வந்தது. எல்ஜி பேனலில் படிந்த உருவம் கொஞ்ச நேரம் மங்கலாகத் தங்கிவிடுகிறது என்ற புகார் அப்போது பெரிதாகக் கிளம்பியது. மக்கள் பேனல் பெயரைப் படித்து, எல்பி என்று தொடங்கினால் முகம் சுளிப்பதும் எல்எஸ்என் என்று தொடங்கினால் நிம்மதி அடைவதுமாக இருந்தார்கள்.

ஆல்பம்மேசை

லினக்ஸ் பென் டிரைவில் பார்த்தாகிவிட்டது. வித்தியாசம் அப்படியே இருக்கிறது. வெள்ளையாக இருப்பது பிஓஈ, என்வி156 என்று தொடங்குகிறது. மஞ்சள் ஏயூஓ, பி156ஹெச்ஏஎன். கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) ஒன்று இரவல் கிடைத்தது. முழு வெளிச்சத்தில் வைத்து எடுத்த அளவுகள்:

பிஓஈ: 263 நிட்ஸ், வெள்ளை 7600 கெல்வின், எஸ்ஆர்ஜிபி-யில் (படங்களுக்கான பொது நிற வரையறை) 62%.
ஏயூஓ: 241 நிட்ஸ், வெள்ளை 6350 கெல்வின், எஸ்ஆர்ஜிபி-யில் 60%.

இதில் எது பழுது?

முக்கோணம்

இரண்டும் பழுது இல்லை. கேட்க விரும்பாத இன்னொன்றும் இருக்கிறது: மஞ்சள் என்று நீங்கள் சொல்வதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எஸ்ஆர்ஜிபி-யின் வெள்ளை 6500 கெல்வின். இந்த எண் ஏறினால் வெள்ளை நீலத்துக்கும், இறங்கினால் மஞ்சளுக்கும் போகும். ஏயூஓ அதிலிருந்து 150 தள்ளி இருக்கிறது, பிஓஈ 1100 தள்ளி. நீலம் ஏறிய வெள்ளையைக் கண் 'சுத்தம்' என்று எடுத்துக்கொள்ளும். சொட்டு நீலம் போட்ட வேட்டி வெளுப்பாகத் தெரிகிற அதே சங்கதி. பக்கத்தில் நீல வெள்ளை இருப்பதால்தான் ஏயூஓ நோட்டுத்தாளாகத் தெரிகிறது. பிஓஈ-யை மூடி வைத்துவிட்டு ஏயூஓ-வில் மட்டும் பத்து நிமிடம் வேலை செய்து பாருங்கள், மஞ்சள் கண்ணுக்குப் படாது.

சிவப்புக்கு வருவோம். 45% என்டிஎஸ்சி என்பது நிற முக்கோணத்தின் (பேனல் காட்டக்கூடிய சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதன் முனைகள்) பரப்பளவு. எஸ்ஆர்ஜிபி முழுவதும் 72% என்டிஎஸ்சி பரப்பளவு. 45-ஐ 72-ஆல் வகுத்தால் 62.5%. உங்கள் மீட்டர் சொல்வதும் அதுதான். பரப்பளவு ஒன்றாக இருந்தால் முக்கோணம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் பச்சை முனையில் விட்டுக்கொடுப்பார், இன்னொருவர் சிவப்பு முனையில். ஏயூஓ-வின் சிவப்பு முனை ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும், அதனால்தான் அரக்கு செங்கலாகிறது. பிஓஈ-யில் அரக்காகத் தெரிவதும் முழு அரக்கு இல்லை. பிரிண்ட் வந்ததும் புடவை திரையில் பார்த்ததைவிட அடர்ந்து நிற்கும்.

இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் எடுங்கள்: 6500 கெல்வின், காமா (இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் விதம்) 2.2, வெளிச்சம் 120 நிட்ஸ். கலரிமீட்டரில் பின்விளக்கு வகையாக வெள்ளை எல்இடி-யைத் தேர்ந்தெடுங்கள், வேறு வகையில் விட்டால் அளவே தப்பும். பிஓஈ-யை 6500-க்கு இறக்குவது சுலபம், ஏனென்றால் குறைக்கவேண்டியது முக்கியமாக நீலம். எஸ்ஆர்ஜிபி-யில் மொத்த வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு 7% சுமார்தான், அதைக் குறைத்தால் திரை பெரிதாக இருட்டாகாது. தலைகீழாக ஏயூஓ-வை 7600-க்குத் தள்ளப் பார்த்தால் சிவப்பையும் பச்சையையும் வெட்ட வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து 93%. 241 நிட்ஸ் வெகுவாக இறங்கிவிடும். போதாக்குறைக்கு இந்த விலைப் பேனல்கள் பெரும்பாலும் 6 பிட் (ஒவ்வொரு நிறத்துக்கும் 64 படிதான்), அதில் இவ்வளவு வெட்டினால் வானத்திலும் பின்னணித் திரைச்சீலையிலும் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

ப்ரொஃபைல் இரண்டு வெள்ளையையும் ஒன்றாக்கும். பேனலுக்கு எட்டாத சிவப்பைக் கொண்டுவந்து தராது. ஒரு மெஷினின் ப்ரொஃபைலை மற்றதில் போடவும் வேண்டாம். பேனல் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் எல்இடி-யின் வெள்ளை லாட்டுக்கு லாட் மாறும். சில நூறு கெல்வின் வித்தியாசம் சாதாரணம்.

இருட்டறை

மாற்றித் தரச் சொல்வது பற்றி: 'நிறம் வேறாக இருக்கிறது' என்று போனால் வேலைக்காகாது. சர்வீஸ் சென்டர் பார்ப்பது ஸ்பெக் ஷீட்டை. 250 நிட்ஸ், 45% என்று அச்சிட்டிருக்கிறது. 241 நிட்ஸ் அளவீட்டு வித்தியாசத்துக்குள் அடங்கும், நிறமும் தேறும். வாரண்டியில் மாற்றினாலும் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு பேனல் வரும், அது இதைவிட மோசமாகவும் இருக்கலாம். கடையின் திருப்பித்தரும் நாட்கள் இன்னும் மிச்சமிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேட்க நியாயமான குறைகள் வேறு. இருட்டு அறையில் முழுக் கருப்புப் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைப் பாதியில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் தெரியும் வெளுப்பு, தலையை நகர்த்தினால் இடம் மாறினால் அது ஐபிஎஸ்-இன் இயல்பு, எல்லாப் பேனலிலும் உண்டு. தலையை எங்கே வைத்தாலும் அதே இடத்தில் டார்ச் அடித்த மாதிரி நின்றால் பின்விளக்கு கசிகிறது. அதைப் படமெடுத்துக் காட்டினால் பேச இடம் உண்டு. போனில் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடுங்கள். ஆட்டோவில் விட்டால் எந்தப் பேனலும் தீப்பிடித்த மாதிரி வரும், அவர்களும் நம்பமாட்டார்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர் என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வெளிச்சத்தை 20 சதவீதத்துக்கு இறக்கி, வெள்ளைத் திரைக்கு முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் விசிறி மாதிரி தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து தெரிந்தால் அந்தப் பேனல் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. ஒரே மங்கலாக இழுபட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரே மாடலில் வரும் இரண்டு பேனல்களில் இதுவும் வேறுபடும், ஸ்பெக் ஷீட்டில் ஒரு வரிகூட இருக்காது. தலைவலி வருகிறவர்களுக்கு நிறத்தைவிட இதுதான் முக்கியம்.

ஆல்பம்மேசை

தெளிவாகிவிட்டது, நன்றி. ஸ்க்ரூபெட்டி அண்ணா, 72% பேனல் வாங்கி ஒன்றில் மட்டும் மாற்றினால் சரிப்படுமா? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

ஸ்க்ரூபெட்டி

வாரண்டி முடிந்த மெஷின் என்றால் தாராளமாக. உங்களுடையது புதுசு, அதைப் பிரிப்பதற்குப் பதில் எஸ்ஆர்ஜிபி முழுதும் காட்டும் வெளி மானிட்டர் ஒன்றை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

முதலில் கனெக்டர். 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி பேனலில் பெரும்பாலும் 30 பின். 120, 144 ஹெர்ட்ஸ், டச் உள்ளவை பெரும்பாலும் 40 பின். இது ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து அகலம். 15.6 அங்குலத்திலேயே பக்கவாட்டில் ஸ்க்ரூ காது உள்ளவை 359 மில்லிமீட்டர் சுமார், காது இல்லாமல் இழுப்பு டேப்பில் ஒட்டுபவை 350 சுமார். ஒன்றுக்குப் பதில் மற்றது உட்காராது. தடிமனையும் கனெக்டர் இருக்கும் பக்கத்தையும் பழைய பேனலின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு ஏற்கெனவே ஃபுல் ஹெச்டி என்பதால் கேபிள் பிரச்சினை வராது. 1366-க்கு 768 திரையை ஃபுல் ஹெச்டி ஆக்கப் பார்க்கிறவர்கள் கவனிக்க: அந்தக் கேபிள்களில் பலவற்றில் ஒரே ஒரு லேன்தான் (தரவு போகும் பாதை) கம்பியிட்டிருக்கும். ஒரு லேனில் நொடிக்கு 2.7 கிகாபிட், அதில் தரவுக்குப் பயன்படுவது 2.16. ஃபுல் ஹெச்டி 60 ஹெர்ட்ஸுக்கு 138.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் க்ளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்). 6 பிட் பேனலிலேயே பிக்சலுக்கு 18 பிட், பெருக்கினால் 2.49 கிகாபிட். ஒரு லேனில் நுழையாது. பேனல் நல்லதாகவே இருக்கும், திரை மட்டும் கருப்பாக நிற்கும். பலர் பேனல் டெட் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு லேன் கேபிள் போட்டால் எரியும்.

கழற்றும்போது சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் போதாது, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்ற வேண்டும். திங்க்பேடு என்றால் பயாஸிலேயே உள் பேட்டரியை அணைக்கும் வசதி உண்டு. லேப்டாப் அணைந்திருந்தாலும் திரைக் கேபிளின் பின்விளக்குப் பின்களில் மின்சாரம் நிற்கலாம். கேபிளைச் சாய்வாக இழுத்து அது பக்கத்துப் பின்னைத் தொட்டால் மதர்போர்டில் பின்விளக்கு ஃபியூஸ் போய்விடும். பிறகு எந்தப் பேனலைப் போட்டாலும் டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும், விளக்கு எரியாது. கனெக்டர் மேல் இருக்கும் டேப்பை உரித்து, கம்பிக் கிளிப் இருந்தால் தூக்கிவிட்டு, நேராக வழுக்கினாற்போல் எடுக்க வேண்டும். இழுப்பு டேப்பை நெம்பக் கூடாது. பேனலுக்கு இணையாகத் தாழ்வாக, மெதுவாக இழுத்தால் நூடுல்ஸ் மாதிரி நீண்டு முழுதாக வெளியே வரும். நடுவில் அறுந்தால் சூடு காட்டி எடுக்க வேண்டியிருக்கும், அப்போதுதான் கண்ணாடி விரிசல் விடும்.

மாற்றிய பிறகு பழைய ப்ரொஃபைலை அழித்துவிட்டு மறுபடி அளந்துகொள்ளுங்கள். வேறு பேனல் என்றால் விண்டோஸ் அதைப் புது மானிட்டராக எடுத்துக்கொள்ளும். அதே பார்ட் நம்பரில் இன்னொரு பேனல் என்றால் பழையதே இருப்பதாக நினைத்து, பழைய ப்ரொஃபைலைச் சத்தமில்லாமல் அதன் மேல் ஏற்றிவிடும்.