ஓ.டி.டி.ஆர். காட்டிய இடமும் கேபிள் அறுந்த இடமும்

ஒரு தனியார் நிறுவனத்தில் பன்னிரண்டு வருஷமாக ஃபைபர் பராமரிப்பு. போன ஐப்பசி மழையில், ராத்திரி ஒரு மணிக்கு லைன் போச்சு. இழைக்குள் ஒளியை அனுப்பி, அறுந்த இடம் எவ்வளவு தூரம் என்று சொல்லும் ஓ.டி.டி.ஆர். மீட்டர் 7.4 கிலோமீட்டர் காட்டியது. பைக் மீட்டரில் 7.4 அளந்து இறங்கி, சேற்றில் மூன்று குழி தோண்டினோம். கேபிள் முழுசாகக் கிடந்தது.

வேறு வழியில்லாமல், கேபிளை இணைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜாயிண்டர் அண்ணனை போனில் எழுப்பினேன். “தம்பி, அது காட்டுறது இழையோட நீளம், ரோட்டு நீளம் இல்ல. ஒவ்வொரு ஜாயிண்ட் குழியிலயும் உபரி கேபிளை லூப்பா சுருட்டி வச்சிருக்கோம்ல? இருநூறு மீட்டர் பின்னால வா. வாய்க்கால் மதகுக்கு இந்தப் பக்கம் பாரு.” அங்கேதான் கரை சரிந்து அறுந்திருந்தது.

மறுநாள் பழைய புகார் டிக்கெட்டுகளைத் தேடினால், அதே மதகில் முன்பே இரண்டு தடவை அறுந்திருக்கிறது! குறிப்பில் இருந்தது ஒரே வரி: ‘ஃபைபர் கட், சரிசெய்யப்பட்டது.’ இவ்வளவுக்கும் ஊழியர்களின் அனுபவத்தைச் சேர்த்து வைக்க, அறிவு மேலாண்மைக்கென்று தனி மென்பொருளே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் டீமில் மீட்டர் காட்டிய தூரம், நிஜ இடத்தின் மேப் பின், குழி மூடுமுன் ஒரு போட்டோ, தமிழில் ஒரு வாய்ஸ் நோட் இல்லாமல் டிக்கெட்டை மூடுவதில்லை. எழுதச் சொன்னால் ஒரு வரி தருகிற ஆள், பேசச் சொன்னால் மூன்று நிமிஷம் சொல்கிறார்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நான் கஸ்டமர் கேர்; எங்களிடமும் இதே கதைதான். மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் வீட்டுக்கு ஒளியே வரவில்லை என்று அர்த்தம். எங்கள் பழைய கையேட்டிலோ ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’. பல மாதம் அதையே சொல்லி ஜனங்களை அலைக்கழித்தோம். லைன்மேன் ஒருவர் சொல்லித்தான் திருத்தினோம். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கிறது.

*

2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லிலிருந்து விருப்ப ஓய்வில் வந்த 78 ஆயிரத்துச் சொச்சம் பேரில் நானும் ஒருவன். மதகுக் கதை எழுதிய தம்பி, ஒன்று சொல்கிறேன். ஆபீசில் உட்கார வைத்து ‘தெரிந்ததையெல்லாம் சொல்லுங்க’ என்றால் எங்களுக்கு ஒன்றும் வராது. அந்த மதகுமேல் நிற்க வையுங்கள், எந்தப் பக்கம் எத்தனை அடியில் போட்டோம் என்று தானாக வரும்.

*

முதலில் எழுதியவன்தான். சரிங்க ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஜாயிண்டர் அண்ணனை பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்த ரூட் முழுக்கப் போகிறேன். புதுப் பையன்கள் இரண்டு பேரும் வருகிறார்கள்.