சின்ன பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து பாண்டு போடுறது சரியா? (கலிஃபோர்னியா)

கவிதா_மலையோரம்:
எங்க பள்ளி மாவட்டத்துல, அதாவது இந்த ஏரியா அரசு ஸ்கூல்களை நடத்துற அமைப்புல, மொத்தமே ரெண்டு ஸ்கூல். பையன் கிளாஸ் ஒரு பழைய போர்ட்டபிள் ரூம்ல நடக்குது, மழை பெஞ்சா டீச்சர் மூலையில பக்கெட் வச்சுட்டு புக் ஷெல்ஃபை இந்தப் பக்கம் இழுத்துப் போடுறாங்க. இப்போ பக்கத்து மாவட்டங்களோட சேர்ந்து பாண்டு, அதாவது கடன் பத்திரம், வித்து கட்டடத்துக்குப் பணம் வாங்கலாமான்னு பேச்சு. நான் ஆதரிக்கிறேன். வக்கீல், ஆலோசகர், கடனைத் திருப்பிக் கட்டுவோமான்னு மதிப்பிடுற ரேட்டிங்னு ஆகுற செலவு, வாங்குற கடன் சின்னதுங்கிறதுக்காக பெருசா குறையறதில்ல, சின்ன ஊரு தான் அடி வாங்குது.

முருகன்_சான்டியாகோ:
அடுத்த ஊரு கடனை நான் ஏங்க கட்டணும்? இங்க பொவே பள்ளி மாவட்டம் 2011ல 10.5 கோடி டாலர் வாங்கிட்டு, கிட்டத்தட்ட 98 கோடி திருப்பிக் கட்டுற மாதிரி பண்ணிட்டாங்க, அதுவும் 2033 வரைக்கும் தவணையே கிடையாது, அப்போ படிச்ச பசங்க வளர்ந்து அவங்க தான் கட்டணும். அதுவும் மக்கள் ஓட்டுப் போட்ட பாண்டு தான்.

கவிதா_மலையோரம்:
பொவே தனியா வாங்கின கடன் அண்ணா, சேர்ந்து வாங்கினது இல்ல. அதுக்கப்புறம் 2013ல சட்டமே வந்தாச்சு, அந்த மாதிரி பாண்டுக்கு 25 வருஷம் தான், வாங்கினதுல 4 மடங்குக்கு மேல கட்டக் கூடாது. நான் சொல்றது வேற. ஓட்டு அந்தந்த ஊர்ல தனித்தனியா தான் நடக்கணும், 2000ல மக்கள் ஓட்டுல வந்த ப்ரொபோசிஷன் 39ங்கிற சட்டப்படி 55% ஆதரவு ஓட்டு வேணும். வரியும் அந்த ஊரு சொத்துக்கள் மேல மட்டும், கவுண்டி நிர்வாகம் வசூல் பண்ணி அந்த ஊரு பாண்டுக்கே கட்டும். விக்கிற வேலைய மட்டும் ஒண்ணா வச்சுக்கலாம்.

முருகன்_சான்டியாகோ:
4 மடங்கே அநியாயம்ங்க. சரி, வரி தனின்னே வச்சுப்போம். சேர்ற ஊரெல்லாம் ஒரே நாள்ல வித்தா, கட்டட பிளானுக்கு இன்னும் ஸ்டேட் அப்ரூவல் வராத ஊரு கூட பணத்த வாங்கி வச்சுக்கிட்டு வட்டி கட்டும். வரிவிலக்கு பாண்டுன்னா (வாங்குறவங்க வட்டிக்கு வருமான வரி கட்ட வேண்டாம்) 3 வருஷத்துல 85% செலவு பண்ணிடுவோம்னு நியாயமா எதிர்பார்க்கணும்னு விதி வேற, அவசர அவசரமா ஏதாவது கட்டி வைப்பாங்க.

கவிதா_மலையோரம்:
இது நியாயமான பயம், இத நான் யோசிக்கல. பிளான் அப்ரூவ் ஆன ஊரு மட்டும் அந்த விற்பனையில சேரட்டும், மத்தது அடுத்த தடவை வரட்டும். செவ்வாய்க்கிழமை போர்டு மீட்டிங்ல இத எழுத்துல கேக்கப் போறேன்.

முருகன்_சான்டியாகோ:
ஒவ்வொரு ஊரும் எவ்வளவு செலவப் பங்கு போட்டுக்குதுன்னும் கேளுங்க. அத பாக்காம நான் ஆமான்னு சொல்ல மாட்டேன்.