மாசாய் மாரா ஆற்றங்கரை லாட்ஜ்: முன்பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

நங்கநல்லூர்வாசி:

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் சென்னையிலிருந்து கென்யா போகிறோம், மாசாய் மாராவில் 4 இரவு. நான், மனைவி, 10 வயது மகள், 67 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், சுத்த சைவம்.

ஏஜென்ட் இரண்டு இடம் காட்டுகிறார். ஒன்று ரிசர்வ் எனப்படும் வனவிலங்குக் காப்பகத்துக்குள், மாரா ஆற்றின் கரையிலேயே இருக்கும் டென்ட் லாட்ஜ். சுற்றிலும் வேலி கிடையாது. இன்னொன்று எல்லைக்கு வெளியே தலெக் ஆற்றோரம், விலை ஏறக்குறைய பாதி. ஆற்றைப் பார்த்த அறைக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். அது தேவைதானா? இரவில் நீர்யானை அறை வாசல் வரை வரும் என்கிறார்களே, வயதானவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது? மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை, நைரோபியிலிருந்து போகும் வழி, சாப்பாடு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:

முதலில் அறை. "ஆற்றுப் பார்வை" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். லாட்ஜுக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்.

அறை ஆற்று வளைவின் உட்புறமா, வெளிப்புறமா? வெளிப்புற வளைவில் தண்ணீர் மோதி அரிப்பதால் கரை செங்குத்தாக உயர்ந்து நிற்கும். மேலிருந்து பார்க்கும்போது நீர்யானைக் கூட்டம் முழுவதும் கண்ணில் படும். ஆனால் கீழே மண் குடைந்து போயிருக்கும். கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கரை விளிம்பில் நிற்கவே கூடாது, விளிம்பு சரியும். உட்புற வளைவில் மணல் திட்டு இருக்கும். முதலைகள் பகலில் வெயில் காய வருவது அங்கேதான். ஆனால் தாழ்வான இடம், வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் அதுவே.

அடுத்து, அறையின் தளம் ஆற்று மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம்? மாரா ஆறு மாவ் மலைக்காட்டில் பிறந்து விக்டோரியா ஏரிக்குப் போகிறது. லாட்ஜில் வானம் வெளுத்துக் கிடந்தாலும் மேலே மழை பெய்தால் இங்கே ஆறு ஏறும். 2024 மே தொடக்கத்தில் தலெக் ஆறு கரை உடைத்துப் பத்துக்கும் மேற்பட்ட முகாம்களுக்குள் புகுந்தது. விருந்தினர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். பெருமழை மார்ச் முதல் மே வரை, சிறுமழை நவம்பர், டிசம்பரில். ஆகஸ்டில் அந்த அளவு அபாயம் குறைவு. இருந்தாலும் வெள்ளம் வந்தால் விருந்தினர்களை எந்த வழியாக மேட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். சரியாக நடத்தும் இடத்தில் இதற்கு உடனே பதில் இருக்கும்.

மூன்றாவது, நீர்யானைத் தடம் எந்த அறைகளுக்கு நடுவே போகிறது? நீர்யானை தினமும் ஒரே தடத்தில் ஏறி இறங்கும். பகல் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும். அதன் தோல் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இருட்டியதும் மேலே வந்து விடியும்வரை புல் மேயும், ஓர் இரவில் 40 கிலோ அளவுக்கு. ஆகஸ்டில் வெளியே புல் காய்ந்திருக்கும்போது லாட்ஜின் பச்சைப் புல்வெளி அதற்கு நல்ல மேய்ச்சல். ஆகவே வாசல் வரை வரும் என்பது உண்மைதான்.

பயம் வேண்டாம், விதி வேண்டும். இருட்டிய பிறகு அறையிலிருந்து தனியாக ஒரு அடிகூட வைக்கக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக, வர அஸ்காரி என்கிற காவலாளி துணைக்கு வருவார். அறையில் விசிலோ வாக்கி-டாக்கியோ கொடுப்பார்கள், அல்லது டார்ச்சை ஆட்டச் சொல்வார்கள். எது என்று முதல் மாலையே கேட்டு, மகளுக்கும் சொல்லி வையுங்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆள் நிற்பதுதான் மிக ஆபத்து. அது தப்பி ஓடுவது தண்ணீருக்குத்தான், வழியில் நிற்பவரை மோதித் தள்ளிவிட்டுப் போகும். ஒன்றரை டன் எடை, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். அஸ்காரி நில் என்றால் நிற்க வேண்டும், பின்னால் வா என்றால் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். செல்போன் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. டென்டுக்குள் ஜிப்பை முழுக்க மூடிவிட்டுப் படுத்தால் நீர்யானை உள்ளே வர முயலாது. பக்கத்தில் புல்லைக் கடித்து இழுக்கும் சத்தமும் உறுமலும் கேட்கும். அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், தூக்கத்தில் பதற மாட்டார்.

பகலில் தொல்லை குரங்கு. பபூனும் வெர்வெட் குரங்கும் ஜிப்பைத் திறக்கப் பழகியவை. இரண்டு ஜிப் நுனிகளையும் சேர்த்து ஒரு கொக்கி மாட்டுங்கள். பழம், பிஸ்கட், பற்பசை, மாத்திரை எதையும் வெளியே வைக்கக் கூடாது.

"அறையிலிருந்தே வைல்டுபீஸ்ட் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். வைல்டுபீஸ்ட் என்ற பெரிய மான் கூட்டம் ஜூலை முதல் அக்டோபர் வரை கடக்கும், ஆனால் குறிப்பிட்ட சில துறைகளில்தான். எந்த நாள், எந்தத் துறை என்று யாராலும் உறுதி தர முடியாது. வண்டியில் போய்க் காத்திருக்க வேண்டும், சில நாள் மூன்று நான்கு மணி நேரம்கூட.

என் கருத்து: உங்கள் நிலைமைக்கு மாரா ஆற்றங்கரை இடத்தையே எடுங்கள். ஆற்றை ஒட்டிய கடைசி அறை வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்துக்கு அருகே, படி குறைந்த அறையைக் கேளுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு 300 மீட்டர் கல் பாதை தினமும் ஆறு நடை என்றால் அதுவே பெரிய பாடு. வேலி இல்லாத சில இடங்களில் குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கிறார்கள், அதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிண்டிப் பக்கம்:

ஊசி பற்றி. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்தியாவிலிருந்து போகும்போது கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பதில்லை. திரும்பி வரும்போது இந்தியாதான் கேட்கும். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், அந்த நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாள் முடியும்வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். 2016 முதல் அப்படித்தான்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால் ஆட்களைச் சேர்த்துக் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். முன்பதிவு செய்து, அசல் பாஸ்போர்ட்டும் நகலும் கொண்டுபோங்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண், பெயரின் எழுத்து, முத்திரை மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். விடுமுறைக் காலத்தில் கூட்டம் அதிகம். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

அம்மாவுக்குத் தனி யோசனை தேவை. இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுவோருக்கு, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து, தைமஸ் சுரப்பிக் கோளாறு இருந்தால் போடக் கூடாது. அவருடைய மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். விலக்குச் சான்று வாங்கினாலும் திரும்பியதும் தனிமைக்கு அனுப்ப வாய்ப்பு உண்டு. அதனால் இந்த முடிவு விமான டிக்கெட்டுக்கு முன்னால் வர வேண்டும்.

மலேரியா: மாராவில் உண்டு, அதுவும் ஆபத்தான ஃபால்சிபேரம் வகை. சென்னையில் கொசுக்கடியில் வளர்ந்தவர்களுக்கு எதிர்ப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு 1–2 நாள் முன் தொடங்கி, தினமும் ஒன்று, ரிசர்வை விட்ட பிறகு 7 நாள். டாக்சிசைக்ளின் என்றால் விட்ட பிறகு 4 வாரம். வெயிலில் தோல் எரியும், போட்டவுடன் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும், மகளுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். முதல் மருந்து எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்பதைத்தான் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

வில்சன்-15கிலோ:

கட்டணக் கணக்கைப் பாருங்கள், பல பேர் தடுமாறுவது இதில்தான். ரிசர்வ் நுழைவு ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர் (2024 முதல் இந்த விகிதம்). 9 முதல் 17 வயது வரை 50. ஆகவே உங்கள் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 650, நான்கு நாளைக்கு 2,600 டாலர். ஏஜென்டின் விலையில் இது சேர்ந்ததா என்று கேளுங்கள். டிக்கெட் 12 மணி நேரம், காலை 6 முதல் மாலை 6 வரை. உள்ளே தங்குபவர்கள் கிளம்பும் நாள் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்ட வேண்டும். விமானத்தில் திரும்பினால் காலை விமானமாகப் பாருங்கள்.

வெளியே தங்கினால் மலிவு என்பது பாதி உண்மை. தினமும் கேட்டில் வரிசை, நல்ல விடியற்காலை வெளிச்சம் அதில் போய்விடும். தலெக் கரையிலிருந்து கடக்கும் துறைகளுக்கு நெடும்பயணம் வேறு. வெளியே தங்க வேண்டுமானால் மாரா நார்த், நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சியில் (ரிசர்வை ஒட்டி மாசாய் மக்களின் நிலத்தில் உள்ள தனி வனவிலங்குப் பகுதி) தங்குவதில் அர்த்தம் உண்டு. ரிசர்வுக்குள் இல்லாத இரவு வண்டிப் பயணம் அங்கே உண்டு.

நைரோபியிலிருந்து நாரோக் வழியாக ரோட்டில் 5 முதல் 6 மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஏறக்குறைய 45 நிமிடம். வில்சன் வேறு, நீங்கள் வந்து இறங்கும் ஜோமோ கென்யாட்டா வேறு. நடுவில் நைரோபி நெரிசல், 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிறு விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, சக்கரமும் சட்டமும் இல்லாத துணிப் பை மட்டும். செஸ்னா கேரவனின் வயிற்றுப் பெட்டிக்குள் அமுக்கி வைப்பதால் கெட்டிப் பெட்டியை ஏற்க மாட்டார்கள். பெரிய பெட்டியை நைரோபி ஓட்டலில் விட்டுவிட்டுப் போகலாம். பணத்துக்காக ரோட்டிலேயே போங்கள் என்பது என் யோசனை. நாரோக் வரை நல்ல தார்ச்சாலை.

கரிசல்காட்டான்:

ரோட்டு யோசனையை நான் ஏற்க மாட்டேன், அம்மாவின் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன். பிரதான சாலை நன்றாக இருந்தாலும் ரிசர்வுக்குள் லாட்ஜ் வரை மண் தடம்தான், குலுக்கல் கடுமை. உள்ளே இருப்பது நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மாதிரியான மண். காய்ந்தால் பாளமாக வெடிக்கும், ஒரு மழை விழுந்தால் பசையாகி டயரைப் பிடித்துக்கொள்ளும். போகும்போதாவது விமானம், திரும்பும்போது ரோடு என்று பிரிக்கலாம். எப்படியானாலும் சஃபாரி வண்டி லேண்ட் குரூசராக இருக்கட்டும், மினி வேன் வேண்டாம். அம்மாவுக்கு நடு வரிசை இருக்கை. பின் அச்சுக்கு மேலே இருக்கும் கடைசி வரிசைதான் அதிகம் தூக்கிப் போடும்.

நங்கநல்லூர்வாசி:

மிக்க நன்றி. அம்மாவின் மருத்துவரிடம் இந்த வாரமே பேசிவிடுகிறேன். இன்சுலினும் சைவச் சாப்பாடும்தான் பாக்கி.

மாம்பலம் சமையல்கட்டு:

சாப்பாட்டை முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள். காய்கறி, மளிகை பெரும்பாலும் நைரோபியிலிருந்து போகிறது. போய் இறங்கிய பிறகு கேட்டால் பாஸ்தாவும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சூப்பில் கோழி வேகவைத்த நீர் இருக்கும். முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, பருப்பும் சோறும் தயிரும் தினமும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சப்பாத்தி கென்யாக்காரர்களின் அன்றாட உணவு, அதற்குக் குறை இராது. சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியல் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். பருப்புப் பொடி, தொக்கு எடுத்துப் போகலாம், டப்பாவிலோ கடைப் பாக்கெட்டிலோ. பாலிதீன் கைப்பைகள் கென்யாவில் 2017 முதல் தடை, 2020 முதல் ரிசர்வுகளில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும், மருத்துவர் சீட்டோடு. பல லாட்ஜில் மின்சாரம் சோலாரும் ஜெனரேட்டரும்தான், அறையில் ஃபிரிட்ஜ் இருக்காது. சமையலறை ஃபிரிட்ஜில் பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள், உறையும் பெட்டியை ஒட்டி வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலின் வீண். பயன்பாட்டில் இருக்கும் பேனா அங்கே அறை வெப்பத்தில் இருக்கலாம். கென்யா நம்மைவிட 2½ மணி நேரம் பின்னால், ஊசி நேரத்தை மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்குங்கள். காலை 6 மணிக்கு வண்டி கிளம்பும், டிபன் 9 மணிக்குத்தான். வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டுவிட்டு வண்டியில் ஏறினால் நடுக்காட்டில் சர்க்கரை இறங்கிவிடும். டிபனைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, சாப்பிடும் நேரத்தில் ஊசி. கையில் குளுக்கோஸ், பிஸ்கட் எப்போதும்.

இன்னும் இரண்டு. உயரம் கிட்டத்தட்ட ஏற்காடு அளவு, ஆகஸ்ட் விடியலில் திறந்த வண்டியில் நன்றாகக் குளிரும். ஸ்வெட்டர், குல்லா அம்மாவுக்குக் கட்டாயம். இரவில் படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைப்பார்கள், கேட்டால் இரண்டு தருவார்கள். கறுப்பும் கருநீலமும் உடுத்த வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். ராணுவப் புள்ளி போட்ட துணி கென்யாவில் சட்டப்படி கூடாது. பிளக் சிங்கப்பூரில் உள்ள அதே சதுர முள் வகை, அடாப்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள், சார்ஜ் போடும் நேரம் குறைவு.