இம்மெர்சிவ் இன்ஸ்டலேஷன்: தோய்வா, சூழ்வா?

அனைவருக்கும் வணக்கம்.

நுண்கலை மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் ‘இன்ஸ்டலேஷன்’ நிறுவல் கலை என்று நிலைத்துவிட்டது, பார்ப்பவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்ற பொருளில் வரும் ‘இம்மெர்சிவ்’தான் இடறுகிறது. ‘மூழ்கடிக்கும்’ என்றால் வெள்ளம்தான் நினைவுக்கு வரும்.

பாடத்தில் இருப்பது இசையமைப்பாளர் லா மான்ட் யங்கும் ஒளிக் கலைஞர் மரியன் ஜஸீலாவும் நியூயார்க் சர்ச் தெருவில் 1993இல் அமைத்த ‘ட்ரீம் ஹவுஸ்’. போயிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் அறை முழுக்க மெஜந்தா ஒளி, இடைவிடாத சைன் அலை ஒலி, அதாவது ஒவ்வொன்றும் ஒரே அதிர்வெண் கொண்ட தூய சுரங்கள். தலையை இரண்டு விரற்கடை சாய்த்தேன். அதுவரை கேட்காத சுரம் ஒன்று மேலெழுந்தது. நிமிர்ந்தேன், போய்விட்டது. இதற்குச் சொல் வேண்டும்.

———

> இதற்குச் சொல் வேண்டும்

அம்மா, ‘தோய்வு நிறுவல்’ எனலாம். தோய்தல் நனைதல் மட்டுமன்று. குறள் 149இல் ‘தோள்தோயாதார்’, அங்கே தழுவுதல். ‘வான்தோய்’ என்பதில் தொடுதல். பாலைத் தோய்த்தால் தயிர், திரும்பப் பாலாகாது. நீரைக் குறிக்கும் தோயமும் இவ்வேரில் பிறந்ததே என்பாரும் உண்டு.

———

> தோயமும் இவ்வேரில்

தோயம் வடசொல் ஐயா, அதை விடுங்கள். வகுப்பில் கரும்பலகையில் ‘தோய்வு’ என்று எழுதினேன். மூன்று பேர் ‘தொய்வு’ என்று படித்தார்கள். ‘சூழ்கலை’ போதும். ஒளியும் ஒலியும் நம்மைச் சூழ்கின்றன. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 2003இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் கலைஞர் ஓலாஃபர் எலியாசன் வைத்த செயற்கைச் சூரியனுக்கும் பொருந்தும்.

———

> நம்மைச் சூழ்கின்றன

அந்தச் சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள் சார். கூரை முழுக்கக் கண்ணாடி. மக்கள் தரையில் படுத்து, கையை ஆட்டி, மேலே தங்கள் உருவத்தைத் தேடினார்கள். ட்ரீம் ஹவுஸிலும் நேரே வரும் அலையும் சுவரில் மோதித் திரும்பும் அலையும் சேர்ந்து ஓரிடத்தில் ஒலி ஓங்கும், சற்றுத் தள்ளி ஒடுங்கும். இயற்பியலில் நிலை அலை என்று படித்தோமே, அதுதான். என் தலை நகர்ந்தால்தான் அங்கே இசை மாறும். ‘சூழ்’ என்று சொன்னால் எனக்கு அங்கே வேலையே இல்லை.

———

அப்படியானால் ‘குடைதல்’? ஆண்டாள் ‘குடைந்து நீராடாதே’ என்றது உடம்பால் நீரைக் கலக்கி ஆடுவதைத்தான். குடைகலை!

———

குடைவரைக் கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள் ஐயா. ‘சூழ்கலை’க்கே என் வாக்கு.

———

நால்வர் கேட்டபடி ‘சூழ்கலை’ போட்டு அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பில் ‘தோய்கலை’யும் உண்டு. வினைத்தொகையாக்கினால் தொய்வுக் குழப்பம் வராது.

———

அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள் அம்மா? இரண்டாம் பதிப்பு எப்போது என்று சொல்லுங்கள், மறுபடி எழுதுகிறேன்.