டிஸ்கஸ் மீன் தொட்டியில் செடி தங்குமா?

சாட்ஸ்வொர்த் வாசி:
டர்பன் வெயிலில் வளர்ந்தவன் நான். இந்த மீன்களோ என்னைவிடச் சூடு கேட்கின்றன. 400 லிட்டர் தொட்டி, ஆறு டிஸ்கஸ், 29 டிகிரி. ஜாவா ஃபெர்ன் இலைகள் ஓரம் கறுத்துக் கரைகின்றன. எந்தச் செடிதான் தாங்கும்?

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, அந்த ஃபெர்னை எடுத்துவிடுங்கள். அதற்கு இவ்வளவு சூடு சில நேரம் ஒத்துவராது. அமேசான் வாள்செடியும் அனுபியாஸும் போதும். அனுபியாஸின் தடித்த தண்டை மணலில் புதைக்காதீர்கள். நான் புதைத்தேன், மூன்று வாரத்தில் கூழாகி, தொட்டாலே விரலோடு வந்தது. மரக்கட்டையில் தையல் நூலால் கட்டுங்கள். நடுவில் வெறும் மணல் விடுங்கள், டிஸ்கஸ் வாயால் ஊதி ஊதி இரை தேடும். பார்க்கவே அழகு!

சாட்ஸ்வொர்த் வாசி:
நன்றி அக்கா. செடி வளரக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கலாமா?

மாரிட்ஸ்பர்க் பெரியவர்:
வேண்டாம் ஐயா. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். நீர்ப்பரப்பு எப்போதும் அசையட்டும். அந்தப் பணத்தில் பேட்டரி காற்றுப் பம்பு வாங்குங்கள். மின்வெட்டு இரவுகளில் நான் தொட்டிக்குக் கம்பளி போர்த்துகிறேன். கம்பளி போனதில் வீட்டுக்காரிக்குத்தான் கோபம்.